கினிப் பன்றி குட்டி போடும் நேரம்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

தருமபுரியில் ஒரு கடையில் "ரெண்டுமே பெட்டைதான்" என்று சொல்லிக் கொடுத்த ஜோடியில் ஒன்று ஆண். இரண்டு மாதம் கழித்து, எங்கள் பெட்டை பொம்மியின் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. என்னிடம் பதறிக்கொண்டு போன் செய்கிறவர்களில் பலருக்கும் இதே கதைதான். சினை என்று தெரிய வரும்போது நாள் கணக்கு கையில் இருக்காது, எந்த டாக்டரிடம் போவது என்றும் தெரியாது, இரவு 11 மணிக்கு அது முக்க ஆரம்பித்திருக்கும்.

அந்த நேரத்தில் உட்கார்ந்து நிறையப் படிக்க முடியாது. அதனால் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் கினிபிக் இப்போது என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிரசவங்கள் நம் கை படாமலே நல்லபடியாக முடிந்துவிடும். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் கையை விட்டும், ஓட வேண்டிய நேரத்தில் "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுத்தும்தான் நாம் கெடுக்கிறோம்.

சரியாக நடக்கும் பிரசவம் எப்படி இருக்கும்

பொம்மியின் முதல் பிரசவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். கூண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. விக்கல் வந்தது போல உடம்பில் ஒரு குலுக்கல், கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் முதுகை வளைத்து, தலையைப் பின்னங்கால்களுக்கு நடுவே கொண்டுபோய், பல்லால் எதையோ பற்றி இழுத்தது. ஈரமாக ஒரு சின்னப் பொட்டலம் வைக்கோலில் விழுந்தது. மேலிருந்த ஜவ்வைக் கிழித்துத் தின்று, குட்டியின் மூக்கையும் வாயையும் நக்கித் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த குலுக்கல் வந்துவிட்டது. 25 நிமிடத்தில் மூன்று குட்டிகள். ஒரு சத்தம் இல்லை.

இதுதான் அளவுகோல். குட்டிக்குக் குட்டி 5 முதல் 10 நிமிடம், மொத்தமாக அரை மணி முதல் ஒரு மணி நேரம். 2 முதல் 4 குட்டிகள் சகஜம், ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம், ஆறும் வரலாம். எலிக்குஞ்சு போல மொட்டையாகப் பிறப்பதில்லை. கண் திறந்து, முடியோடு, பல்லோடு வரும். ஒன்று 60 முதல் 100 கிராம், அதாவது ஒரு கோழி முட்டையை விடக் கொஞ்சம் கனம். நஞ்சுக்கொடியைத் தாய் தின்றுவிடும், அதைப் பிடுங்காதீர்கள். விளக்கைக் குறைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு குட்டி வந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது சிக்கல் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

நாள் ஆகிவிட்டது, இன்னும் குட்டி போடவில்லை

சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் அதிகம் இருந்தால் சீக்கிரமும், ஒன்றிரண்டே இருந்தால் தாமதமாகவும் போடும். இணைந்த நாள் தெரியாவிட்டால், ஆணைப் பிரித்த நாளிலிருந்து எண்ணுங்கள். அதிலிருந்து 72 நாள் தாண்டியும் வயிறு அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நாளை விட நம்பகமான அடையாளம் இடுப்பில் இருக்கிறது. பிறப்புறுப்புக்குச் சற்று மேலே விரல் நுனியை மெதுவாக வைத்தால் இரண்டு எலும்புகள் சேரும் இடம் தட்டுப்படும். பிரசவம் நெருங்கும்போது அந்த இடம் இளகி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு, சுமார் 2 செ.மீ. பிரியும். பிரிந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் குட்டி வந்துவிடும்.

இங்கேதான் வயது முக்கியமாகிறது. 6, 7 மாதத்துக்குள் ஒரு முறையாவது குட்டி போடாத பெட்டைக்கு அந்த எலும்புகள் இறுகிவிடலாம். அப்புறம் பிரசவ நேரத்தில் வழி விடாது. உங்கள் கினிபிக் அந்த வயதைத் தாண்டி முதல் முறை சினையாகியிருந்தால், எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல் இப்போதே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

போனில் முதலிலேயே இப்படிக் கேளுங்கள்: "கினிபிக் பார்ப்பீங்களா, சிசேரியன் செய்ய முடியுமா, ராத்திரியில் வந்தால் இருப்பீங்களா?" நம் ஊர்ப் பக்கம் கால்நடை மருந்தகங்களில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரும். சிலர் பார்ப்பார்கள், சிலர் நேர்மையாக "எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் அதற்கு நன்றி சொல்லி அடுத்த எண்ணைத் தேடுங்கள். தருமபுரிக்காரர்களுக்கு சேலம் சுமார் 65 கி.மீ., நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதற்கும் அப்பால். நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது, லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் 50 கி.மீ., பெங்களூரு 90. இந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் கீழே வரும் நேரக் கணக்குகளைப் பார்க்க வேண்டும்.

சினையாக இருக்கிறது, தீனியைத் தொடவில்லை

இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அழுத்தமாகச் சொல்வேன். ஓசூரில் என் சித்தி மகள் ஒரு கினிபிக் வளர்த்தாள். நல்ல குண்டு. சினையாக இருந்தபோது ஊருக்குப் போக வேண்டி வந்ததால் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். புது இடம், புதுத் தீனி, வீட்டில் நாய் வேறு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் திரும்பி வந்தபோது மந்தமாக உட்கார்ந்திருந்தது, வாயோரம் எச்சிலில் முடி நனைந்திருந்தது. "பிரசவம் நெருங்குது போலன்னு நெனச்சேன்க்கா" என்றாள். விடிவதற்குள் போய்விட்டது.

பிரசவம் நெருங்கினால் சாப்பாடு நின்றுவிடும் என்பது தவறான எண்ணம். நல்ல நிலையில் இருக்கும் கினிபிக் குட்டி போடுவதற்குக் கொஞ்சம் முன்பு வரைக்கும் மென்றுகொண்டுதான் இருக்கும். கடைசி இரண்டு வாரத்திலும் பிரசவமான முதல் வாரத்திலும் தீனி நின்றால், உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். ஈரல் அதைத் தாங்காது, ரத்தத்தில் நச்சு சேரும். இதைச் சினை நச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டான பெட்டைக்கும், அலைக்கழிக்கப்பட்ட பெட்டைக்கும் வர வாய்ப்பு அதிகம். மூச்சில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை வரும், எச்சில் ஒழுகும், கூப்பிட்டால் திரும்பாது. ஒரே நாளில் உயிர் போய்விடலாம்.

அதனால் கணக்கு இதுதான். பிடித்த கொத்தமல்லித் தழையை மூக்குக்கு நேராக நீட்டுங்கள். அதையும் தொடவில்லை என்றால், பெல்லட்டை (கடையில் விற்கும் கினிபிக் குருணைத் தீனி) தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். அரை நாள் பார்ப்போம் என்பதற்கு இதில் இடமில்லை.

வராமல் தடுக்க முடியும் என்பதுதான் இதில் ஆறுதல். சினையில் எடை குறைக்க முயலாதீர்கள். கடைசி இரண்டு வாரம் கூண்டை மாற்றாதீர்கள், தூக்கி விளையாடாதீர்கள். உலர்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும். அருகம்புல் நல்லது, குதிரை மசால் என்னும் தீவனப் பயிர் கிடைத்தால் சினைக்கும் பால் கொடுக்கும் காலத்துக்கும் இன்னும் நல்லது. குட்டிகள் பால் மறந்த பிறகு குதிரை மசாலைக் குறைத்துவிட வேண்டும், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

மனிதரைப் போலவே இந்தப் பிராணியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. சினையில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 30 மி.கி. வரை தேவைப்படும். இரண்டு விரல் அகலக் கொய்யாத் துண்டு ஒன்றில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் விளையும் குடைமிளகாயும் அருமையான தீனி. குடிக்கும் தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலப்பதால் பலனில்லை, சீக்கிரமே வீரியம் போய்விடும். பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று தக்காளிச் செடியின் இலை, தண்டைப் போட்டுவிடாதீர்கள். அது நஞ்சு.

முக்குகிறது, குட்டி வரவில்லை

கடிகாரத்தைப் பாருங்கள். விடாமல் 20 நிமிடம் முக்கியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கிளம்ப வேண்டும். விட்டு விட்டு லேசாக முக்கினாலும் 2 மணி நேரத்துக்குள் பிரசவம் முடியாவிட்டால் அதுவும் அவசரம்தான். முக்கும்போது வலியில் கத்தினாலோ, முக்கி முக்கிக் களைத்து அப்படியே சாய்ந்துவிட்டாலோ இந்த 20 நிமிடத்துக்கும் காத்திருக்காதீர்கள். களைத்து நிற்பதைப் பார்த்து "வலி நின்னுடுச்சு, நிம்மதி" என்று நினைத்த ஒருவர் மறுநாள் என்னிடம் அழுதார்.

பால்மாடு வைத்திருக்கும் வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மாட்டுக்குப் பால் இறங்கப் போடற ஊசி இருக்கு, கொஞ்சமா போட்டுடட்டுமா?" வேண்டவே வேண்டாம். ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருக்கித் தள்ளும் மருந்து. இடுப்பெலும்பு விரியாமலோ குட்டி குறுக்கே சிக்கியோ இருக்கும்போது அதைப் போட்டால் கருப்பையே கிழியும். எலும்பு விரிந்திருக்கிறதா, குட்டி சிக்கவில்லையா என்று சோதித்துப் பார்த்த டாக்டர் மட்டும்தான் அதைப் போட வேண்டும். வழி இல்லை என்றால் சிசேரியன்தான். கினிபிக்குக்கு அது ஆபத்தான அறுவைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

வழியில் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, காற்றோட்டத்துக்குத் துளையிட்டு, இருட்டாக வைத்துக் கொண்டுபோங்கள். நடுநடுவே திறந்து பார்க்க வேண்டாம்.

குட்டி பாதி வந்து நிற்கிறது

கையை நன்றாகக் கழுவி, மெடிக்கலில் கிடைக்கும் வழுவழுப்பு ஜெல்லைக் குட்டியைச் சுற்றித் தடவுங்கள். தாய் முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி, வெள்ளைத் துணியால் பிடித்து மிக மெதுவாக இழுங்கள். முக்கல் நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று முக்கலில் வரவில்லை என்றால் விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். ஒரு கால் மட்டும் தெரிகிறது என்றால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. விரலை உள்ளே விடவும் கூடாது.

குட்டி ஜவ்வோடு கிடக்கிறது, அசைவில்லை

குட்டிகள் அடுத்தடுத்து வரும்போது தாய்க்கு ஒன்றைச் சுத்தம் செய்யவே நேரம் இருக்காது. பொம்மியின் இரண்டாவது பிரசவத்தில் மூன்றாவது குட்டி இப்படித்தான் கிடந்தது. கண்ணாடித்தாள் சுற்றியது போல மேலே ஜவ்வு, உள்ளே மூக்கு அழுந்திக்கொண்டிருந்தது. பத்து வரை எண்ணினேன். தாய் திரும்பவில்லை. மூக்குக்கு மேலே ஜவ்வை நகத்தால் கிள்ளி விலக்கினேன். வாயில் இருந்த சளியைத் துணி நுனியால் துடைத்துவிட்டு, தலை கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி உள்ளங்கையில் வைத்து, பருத்தித் துண்டால் முதுகைப் பரபரவென்று தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. விலாவில் ஒரு இழுப்பு. அப்புறம் "கீச்" என்று ஒரு மெல்லிய சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் தாய் திரும்பிப் பார்த்தது.

தேய்ப்பதை 5 நிமிடமாவது விடாமல் செய்யுங்கள். குட்டியைப் பிடித்து வேகமாகச் சுழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம், மூளைக்கு அடிபடும். மூச்சு வந்ததும் தாயின் பக்கத்தில் விட்டுவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம், பொம்மி உடனே நக்கத் தொடங்கிவிட்டது.

ரத்தமும் கசிவும்

பிரசவத்தின்போது கொஞ்சம் ரத்தம், வைக்கோல் நனையும் அளவு, இயல்புதான். குட்டி வருவதற்கு முன்பே ரத்தம் வந்தாலோ, எல்லாம் முடிந்த பிறகும் சிவப்பாக வடிந்துகொண்டே இருந்தாலோ, பச்சையாகவோ பழுப்பாகவோ நாற்றத்தோடு கசிந்தாலோ உடனே டாக்டர். உள்ளே ஒரு குட்டியோ நஞ்சுக்கொடியோ தங்கியிருக்கலாம். இளஞ்சிவப்பாகச் சதை வெளியே தள்ளிக்கொண்டு வந்திருந்தால் அது கருப்பை. உள்ளே தள்ளாதீர்கள், சலைனில் நனைத்த சுத்தத் துணியால் ஈரமாக மூடி, அப்படியே கொண்டுபோங்கள்.

பிரசவமான பிறகு தாய் நடுங்குகிறது, சாய்ந்து கிடக்கிறது

சாப்பிடாமல் மந்தமாக இருந்தால் மேலே சொன்ன சினை நச்சுதான் முதல் சந்தேகம். தசை துடிப்பது, வெட்டி வெட்டி இழுப்பது என்றால் ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம். பால்மாட்டுக்குப் பால் காய்ச்சல் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டுக்குமே ஊசி மருந்து தேவை, வீட்டில் சரிசெய்ய முடியாது.

காம்பு வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது

தாய்க்கு இரண்டே காம்புகள்தான். குட்டிகள் நான்கு என்றால் முறை வைத்துக் குடிக்கும், ஒரு காம்பு கெட்டால் பாதிப் பால் போச்சு. சிவந்து, கெட்டியாகி, ஊதா நிறம் ஏறினால் மடிநோய். மருந்து வேண்டும். ஆனால் எந்த மருந்து என்பதில்தான் உயிரே இருக்கிறது.

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகியவை கினிபிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் பிராணி செத்துவிடும். நாய்க்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள்தான் இவை. அதனால் அதிகம் கினிபிக் பார்த்திராத டாக்டரிடம் போனால், மரியாதையாக ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: "சார், இது பென்சிலின் வகை இல்லைதானே?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குட்டி எடை ஏறவில்லை, தாய் பால் கொடுக்கவில்லை

முதல் நாள் குட்டிகள் அதிகம் குடிக்காது, எடையும் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். மளிகைப் பொருள் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்தும் ஏறாத குட்டிக்கு உதவி வேண்டும். 50 கிராமுக்குக் கீழே பிறந்ததற்கு முதல் நாளே வேண்டும்.

முதலில் சூடு. ஓசூர், தளிப் பக்கம் மார்கழி இரவில் பிறந்த குட்டி குளிரிலேயே போய்விடும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள், சூடு போதுமென்றால் குட்டி தள்ளிப் போக இடம் இருக்கட்டும். குளிர்ந்து போன குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள், உடம்பு சூடான பிறகுதான். வழி இல்லாத நேரத்தில் ஆட்டுப்பாலை வெதுவெதுப்பாக்கி, 1 மி.லி. சிரிஞ்சில் உதட்டோரம் ஒவ்வொரு சொட்டாக விட்டு நக்கவிடுங்கள். வாய்க்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதல் சில நாள் இரவிலும். தாயே இல்லாத குட்டி என்றால், ஒவ்வொரு முறையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியை மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் முதல் வாரத்தில் அதற்கு ஒன்றுக்குப் போகத் தெரியாது.

நம்பிக்கை தரும் விஷயமும் உண்டு. இரண்டாம் நாளே குட்டிகள் புல்லையும் ஊறிய பெல்லட்டையும் கொறிக்க ஆரம்பித்துவிடும். எட்டும் உயரத்தில் வையுங்கள்.

வெயிலில் வாய் திறந்து மூச்சு வாங்குகிறது

27 டிகிரியைத் தாண்டினாலே சினைக் கினிபிக்குக்குக் கஷ்டம். நம் ஊர்ச் சித்திரை வெயில் எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம், அதில் கரண்டும் போனால் உயிருக்கே ஆபத்து. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட பாலிஷ் துண்டு ஒன்று கேட்டு வாங்கிக் கூண்டில் போடுங்கள். நிழலில் அது எப்போதும் சில்லென்று இருக்கும், பொம்மி மத்தியானம் முழுக்க அதன் மேல்தான் படுத்திருந்தது. ஈரச் சாக்கைக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிடுங்கள். வாய் திறந்து இழுக்க ஆரம்பித்துவிட்டால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து டாக்டரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

ஆண் இன்னும் அதே கூண்டில் இருக்கிறது

இப்போதே எடுத்துவிடுங்கள், இதைப் படித்து முடிக்கும் வரை கூட வேண்டாம். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடியும் சினைக்குத் தயாராகிவிடும். பொம்மியின் இரண்டாவது பிரசவம் அப்படி வந்ததுதான். முதல் பிரசவம் முடிந்து மாலை வரை ஆணைப் பிரிக்காமல் விட்டோம். 67 நாள் கழித்து, முதல் பிரசவத்தின் மெலிவு இன்னும் தீராத உடம்போடு மறுபடியும் முக்கியது. அந்த ஜவ்வில் சிக்கிய குட்டி அதில் பிறந்ததுதான்.

ஆண் குட்டிகளை 21-ஆம் நாள் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். அந்த வயதிலேயே அவற்றால் தாயையும் தங்கைகளையும் சினையாக்க முடியும். எது ஆண் என்பதைக் கடைக்காரர் சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். குட்டியை மடியில் உட்கார வைத்து, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே விரலால் லேசாக அழுத்துங்கள். ஆண் என்றால் உறுப்பு சிறிதாக வெளியே தலைகாட்டும், பெட்டை என்றால் இரண்டு கிளையாகப் பிரிந்த கவைக்குச்சி போல ஒரு பிளவு மட்டும் தெரியும். சந்தேகம் இருந்தால் அந்தக் குட்டியையும் ஆண் என்றே எண்ணித் தனிக் கூண்டில் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.